கிளஸ்டரை எங்கே உடைப்பது?

1783-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில், ஹார்ட்ஃபோர்ட் என்ற ஊரில் ஒரு சின்னப் புத்தகம் அச்சானது. எழுதியவர் நோவா வெப்ஸ்டர். பள்ளிக்கூட வாத்தியார், 25 வயசு. இங்கிலாந்தோடு சண்டை முடிந்து சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான அதே வருஷம். புது நாட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று ஆளாளுக்கு யோசித்துக்கொண்டிருந்தார்கள். இந்த மனிதர் கவலைப்பட்ட விஷயங்களில் ஒன்று, 'கிளஸ்டர்' என்ற சொல்லை எங்கே உடைப்பது என்பது.

அதுவரை அமெரிக்கப் பிள்ளைகள் படித்தது தாமஸ் டில்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1740-ல் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் புத்தகம். அதில் அந்தச் சொல் 'கிள-ஸ்டர்' என்று பிரிந்திருக்கும். 'ஸ்ட' என்ற கூட்டொலி ஒரு சொல்லைத் தொடங்கக்கூடியது, எனவே அது அடுத்த துண்டுக்குப் போகட்டும் என்பது டில்வொர்த்தின் கணக்கு. லத்தீன் இலக்கணத்திலிருந்து வந்த பழக்கம். வெப்ஸ்டரின் ஆட்சேபம் மிக எளிமையானது. உயிரெழுத்தில் முடிகிற துண்டைப் பார்த்தால் ஆங்கிலக் குழந்தை அதை நீட்டி வாசிக்கும். 'க்ளூ' என்று வாசித்துவிட்டு அப்புறம் 'ஸ்டர்' என்று முடிக்கும். 'கிளஸ்-டர்' என்று பிரித்துவிட்டால் அந்தத் தப்புக்கே இடமில்லை. 'ஹேபிட்' என்ற சொல்லும் அப்படித்தான். 'ஹே-பிட்' என்று உடைத்தால் உச்சரிப்பு கெடும், 'ஹேப்-இட்' என்று உடைத்தால் காது கேட்பதைக் கண் பார்க்கும். 'நேஷன்' இன்னும் வேடிக்கை. டில்வொர்த் அதை எழுத்தைப் பார்த்து மூன்றாகப் பிரித்தார்: 'நே-டி-ஆன்'. எந்த ஆங்கிலேயனும் அப்படிப் பேசி அப்போதே பல தலைமுறை ஆகிவிட்டது. வெப்ஸ்டர் இரண்டாக்கினார்.

எனக்கு மெய்ப்புப் பார்க்கிற வேலை. ஆங்கிலப் புத்தகமும் வரும், தமிழும் வரும். வரிக்கடைசியில் ஒரு ஆங்கிலச் சொல் இடமில்லாமல் தொங்கும்போது அதை எங்கே வெட்டுவது என்று தினமும் முடிவெடுக்கிறேன். தமிழில் இந்தத் தலைவலி கிட்டத்தட்ட கிடையாது. புள்ளி வைத்த எழுத்து வரித்தொடக்கத்தில் வரக்கூடாது, அவ்வளவுதான். 'கல்வி'யை 'கல்-வி' என்று வெட்டலாம், 'க-ல்வி' என்று வெட்டினால் அச்சகத்தில் சிரிப்பார்கள். எழுத்து முறையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வெட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. அந்தச் சண்டையில் யார் உள்ளே வந்தார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதுதான் என்னை இழுத்தது.

ரெண்டு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலபிள் என்பதற்கு இங்கே 'அசை' என்று எழுதுகிறேன், மொழியியலில் அப்படித்தான் வழக்கம். ஆனால் யாப்பில் படித்த அசையும் இதுவும் ஒன்றல்ல. 'மலர்' யாப்பில் ஒரே அசை, நிரை. இந்தக் கணக்கில் அது இரண்டு, ம-லர். தொல்காப்பியர் கோபித்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, அழுத்தம் விழுகிற அசைக்கு முன்னால் ˈ என்று ஒரு சின்னக் கோடு போடுகிறேன். இன்றைய அகராதிகள் பலவற்றில் இருக்கிற கோடுதான்.

வெப்ஸ்டரின் புத்தகத்துக்கு நீல அட்டை. பெயரே 'நீல அட்டைப் புத்தகம்' என்று ஆகிப்போனது. உள்ளே கதை கொஞ்சம், பட்டியல்கள் ஏராளம். முதலில் 'அப், எப், இப்' என்று அர்த்தமில்லாத ஒற்றைத் துண்டுகள். அப்புறம் ஒரு அசைச் சொற்கள். அப்புறம் இரண்டு அசை, அழுத்தம் முதலில். இரண்டு அசை, அழுத்தம் இரண்டாவதில். மூன்று அசை, நான்கு அசை என்று ஏறிக்கொண்டே போகும். இரண்டு அசைப் பட்டியலின் தலையில் இருந்த சொல் 'ˈபே-கர்'. ரொட்டி சுடுகிறவர். 'பேக்கர் வரைக்கும் போயிட்டான்' என்று சொன்னால் அந்தப் பையன் படிக்க ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம். அடுத்த நூறு வருஷத்தில் இந்தப் புத்தகம் பல கோடிப் பிரதிகள் விற்றது.

எழுத்துக்கூட்டுவது அந்தக் காலத்தில் எப்படி நடந்தது தெரியுமா? 'அபாமினேஷன்' என்ற சொல் வந்தால் பையன் எழுந்து நின்று, ஏ-பி, அப். ஓ-எம், ஆம், அபாம். ஐ, இ, அபாமி. என்-ஏ, நே, அபாமினே. டி-ஐ-ஓ-என், ஷன், அபாமினேஷன் என்று முடிப்பான். ஒவ்வொரு துண்டையும் சேர்க்கும்போது பின்னால் வந்ததையெல்லாம் மறுபடி சொல்ல வேண்டும். வகுப்பு முழுக்க ஒரே இரைச்சலாக இருந்திருக்கும். ஆனால் அந்த முறைக்கு ஒரு பெரிய நன்மை இருந்தது. வாத்தியார் இல்லாவிட்டாலும் நடக்கும். நீளமான சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், துண்டு துண்டாக ஏறினால் போதும்.

இதை யாரெல்லாம் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று பார்க்கும்போதுதான் அந்தச் சின்னக் கோடுகளின் மதிப்பு தெரிகிறது. பால்டிமோரில் அடிமையாக இருந்த சிறுவன் ஃப்ரெடெரிக் டக்ளஸுக்கு எஜமானியம்மா எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். மூன்று நான்கு எழுத்துச் சொற்கள் வரைக்கும் வந்தபோது எஜமானர் பார்த்துவிட்டு நிறுத்தினார். படித்தவன் அடிமையாக இருக்கமாட்டான் என்பது அவருடைய பயம். ரொம்பச் சரியான பயம். டக்ளஸ் தெருவில் விளையாடுகிற வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்துப் பாடம் வாங்கினார். வெப்ஸ்டரின் புத்தகத்தில் இருந்த சாய்வெழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினார். அடுத்த தலைமுறையில், 1865-ல் விடுதலை கிடைத்த பிறகு, மேற்கு வர்ஜீனியாவில் உப்பளத்து வேலைக்குப் போன புக்கர் டி. வாஷிங்டன் என்ற சிறுவனுக்கு அவன் அம்மா எங்கிருந்தோ ஒரு நீல அட்டைப் புத்தகம் வாங்கி வந்தாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சுற்றிலும் இருந்த கறுப்பின மக்களில் படிக்கத் தெரிந்த ஒருவரும் கிடையாது. 'அப், பா, கா, டா' என்று அந்த அர்த்தமில்லாத துண்டுகளோடு அவன் தானே மல்லுக்கட்டி எழுத்து கற்றுக்கொண்டான். பின்னாளில் கல்லூரி நடத்தினார், சுயசரிதையில் இதை எழுதியும் வைத்தார்.

நம்ம ஊருக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1789-ல் சென்னை எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இங்கத்திய தாய்மார்களுக்கும் பிறந்த பையன்களுக்காக ஒரு ஆதரவற்றோர் விடுதி தொடங்கினார்கள். அதை நடத்த வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் குதிரையில் போகும்போது ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அப்படியே விடுதிக்குக் கொண்டுவந்தார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் முறையின் முதுகெலும்பு. பலருக்கும் அது தெரிந்திருக்கும். எனக்குப் பிடித்தது வேறு. அந்த 'அப், அபாம், அபாமி' என்ற திரும்பச் சொல்லலை அவர் வெட்டி எறிந்தார். ஒவ்வொரு அசையையும் ஒரே ஒரு தடவை எழுத்துக்கூட்டு, போ. நீளமான சொல்லை அசைக்கு அசை நிறுத்தி வாசி. 1796-ல் ஊர் திரும்பி, மறுவருஷம் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்று இன்றும் ஒரு பள்ளிக்கூடம் இருப்பது இவரால்தான். மணல், ஒவ்வொரு எழுத்தையும் வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுதும் பழக்கம் எல்லாம் திண்ணையில் ஏற்கெனவே இருந்தவை. பேர் மட்டும் மெட்ராஸுக்குக் கிடைத்தது, திண்ணை வாத்தியாருக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை சொன்னது ஏணிக் கதை. அசைக்குள் ஒளிந்திருந்த இன்னொரு விஷயம், அழுத்தம், வேறு திசையில் போனது.

வெப்ஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால் பிரிட்டனில் ஒரு புதுத் தொழில் கிளம்பியிருந்தது: சரியாகப் பேசக் கற்றுக்கொடுப்பது. 1761-ல் எடின்பரோவில் தாமஸ் ஷெரிடன் என்பவர் ஆங்கிலம் பேசுவது பற்றிச் சொற்பொழிவு நடத்தினார். ஸ்காட்லாந்துக் கனவான்கள் சுமார் 300 பேர் காசு கொடுத்து வந்து உட்கார்ந்தார்கள். ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு சேர்ந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. லண்டனில் பதவி வேண்டும், பாராளுமன்றத்தில் பேச வேண்டும், வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஷெரிடன் அயர்லாந்துக்காரர், பழைய நாடக நடிகர். இங்கிலீஷ்காரனுக்கு உச்சரிப்பு நிர்ணயிக்க ஒரு ஐரிஷ்காரனுக்கு என்ன தகுதி என்று சாமுவேல் ஜான்சன் நக்கலடித்தார். அந்த ஜான்சனே 'பஞ்ச்' என்ற பானத்தைத் தன் சொந்த ஊர் வழக்கப்படி 'பூன்ஷ்' என்று சொல்கிறவர். அதைச் சொல்லிக்காட்டிச் சிரித்தவர் அவருடைய ஊர்க்காரரும் மாணவருமான டேவிட் காரிக். நம்ம ஊர்ல 'ழ' வராத ஆளை இன்னொரு 'ழ' வராத ஆள் கிண்டல் பண்ற கதைதான்.

ஜான்சனின் 1755 அகராதியில் அழுத்தம் எங்கே என்று குறி மட்டும் இருக்கும். ஷெரிடன் 1780-ல் போட்ட அகராதியில் ஒவ்வொரு சொல்லையும் அசை பிரித்து, உச்சரிப்புப்படி திருப்பி எழுதி, அழுத்தமும் போட்டார். அதற்கு 5 வருஷம் முன்பே அவர் மகன் ரிச்சர்ட் ஷெரிடன் ஒரு நாடகத்தில் திருமதி மாலப்ராப் என்ற பாத்திரத்தைப் படைத்து லண்டனையே சிரிக்க வைத்திருந்தார். பெரிய பெரிய சொற்களைத் தப்புத் தப்பாக மாற்றிப் போட்டுப் பேசுகிற அம்மாள். அப்பா பெரிய சொல்லைச் சரியாகச் சொல்ல அகராதி எழுதினார், மகன் அதைத் தப்பாகச் சொல்கிறவளை வைத்துப் பேர் வாங்கினார். ரெண்டுக்கும் சந்தை ஒன்றேதான்.

1791-ல் ஜான் வாக்கர் வந்தார். இவரும் பழைய நடிகர். இவருடைய உச்சரிப்பு அகராதி எல்லாரையும் ஓரங்கட்டியது. 'எலக்யூஷன் வாக்கர்' என்றே அழைக்கப்பட்டார். புத்தகத்தின் நீளமான தலைப்பிலேயே ஸ்காட்லாந்து, அயர்லாந்து, லண்டன் ஆகிய ஊர்க்காரர்கள் தங்கள் தங்கள் 'விசேஷங்களை'த் தவிர்க்க விதிகள் உண்டு என்று அறிவித்தார். லண்டனையும் கவனியுங்கள். தலைநகரத்தில் பிறந்தவன்கூடத் தப்பாகத்தான் பேசுகிறான். அப்படியானால் சரியாகப் பேசுகிறவன் எந்த ஊர்? ஊரே இல்லாதவன். மேல்தட்டுக்குப் போய்விட்டவன். கிராமத்துப் பிள்ளைக்கு ஏணியாக இருந்த அதே அசைக்கோடுகள் இங்கே வேலியாக நிற்கின்றன.

வேலி நகர்ந்துகொண்டே இருந்தது என்பது இன்னொரு கூத்து. இத்தாலியிலிருந்து வந்த 'பால்கனி' வெகுகாலம் 'பல்-ˈகோ-னி'யாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழுத்தம் முன்னால் தாவி 'ˈபால்-க-னி' ஆனது. 1855-ல் 92 வயதில் இறந்த கவிஞர் சாமுவேல் ராஜர்ஸுக்கு இந்தப் புதுப் பாணியைக் கேட்டாலே குமட்டிக்கொண்டு வருமாம். அவர் சரியென்று நினைத்ததை இன்று ஒருவர் சொன்னால் நாம்தான் அவரைத் திருத்துவோம்.

ஏன் இந்த அழுத்தம் இப்படி அலைகிறது? ஆங்கிலம் இரண்டு வீட்டில் வளர்ந்த பிள்ளை. பழைய ஜெர்மானிய வீட்டுப் பழக்கம், வேர்ச்சொல்லின் முதல் அசையில் அடி: 'ˈஃபா-தர்', 'ˈவா-டர்'. என்ன ஒட்டினாலும் அடி நகராது. 1066-ல் நார்மானியர் வந்து பிரெஞ்சையும், பின்னால் படிப்பாளிகள் லத்தீனையும் வண்டி வண்டியாக இறக்கினார்கள். லத்தீனின் கணக்கு பின்னாலிருந்து தொடங்கும். கடைசிக்கு முந்தின அசை கனமாக இருந்தால் அங்கே அடி, இல்லையென்றால் அதற்கும் முந்தினதில். 'அ-ˈஜென்-டா'வில் நடு அசை மெய்யில் முடிந்து கனத்திருக்கிறது, அடி அங்கே. 'ˈகே-ன-டா'வில் நடு அசை லேசு, அடி முன்னால் போய்விட்டது. நோம் சாம்ஸ்கியும் மாரிஸ் ஹாலியும் 1968-ல் ஆங்கில ஒலியமைப்பைப் பற்றி ஒரு தடிமனான புத்தகம் எழுதினார்கள். அதில் ஆங்கில அழுத்தத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த மைய விதி கிட்டத்தட்ட இந்த லத்தீன் விதிதான். நம்ம 'மிளகுத்தண்ணி' அங்கே போய் 'மல்-லி-க-ˈடா-னி' ஆனபோதும் அதே இடத்தில்தான் அடி வாங்கியது. ரசத்துக்கும் ரோமாபுரிக்கும் அப்படி ஒரு சொந்தம்.

லத்தீன், கிரேக்க விகுதிகள் அடியை இழுத்துக்கொண்டு போகும். 'ˈஃபோ-டோ-க்ராஃப்', 'ஃப-ˈடா-க்ர-ஃபி', 'ஃபோ-டோ-ˈக்ரா-ஃபிக்'. மூன்று சொல்லிலும் ஒரே வேர், மூன்று இடத்தில் அடி. 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்தின அசையில் அடி, 'இக்' என்று முடிந்தாலும் அப்படியே. உடனே 'ˈலூ-ன-டிக்' வந்து சிரிக்கும். கூடவே 'ˈகாத்-லிக்'. விதி உண்டு, விதியை மதிக்காத பழைய குடித்தனக்காரர்களும் உண்டு.

தமிழ்க் காதுக்கு இது ஏன் கஷ்டம் என்பதற்குக் காரணம் அக்கறையின்மை கிடையாது. நமக்கு அர்த்தத்தைத் தாங்குவது குறில் நெடில். 'கல்' வேறு, 'கால்' வேறு. அதனால் எந்த உயிரையும் சுருக்காமல் அதற்குரிய மாத்திரையைக் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலமோ அடிபட்ட அசையைத் தூக்கிப் பிடித்து மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். 'ஹ-ˈடெல்' என்று அவர்கள் சொல்வதை நாம் 'ஹோட்டல்' என்கிறோம். ஓகாரத்துக்கு முழு மரியாதை. தமிழ்ச் சொல்லாக அது நூறு சதவீதம் சரி.

ஆங்கிலமாகச் சொல்லும்போதுதான் பிரச்னை. 2000-களின் தொடக்கத்தில் என் நண்பன் ஒருவன் சென்னையில் ஒரு கால் சென்டர் வேலையில் சேர்ந்தான். திருநெல்வேலிப் பையன், ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முதல் மூன்று வாரம் உச்சரிப்புப் பயிற்சி. கையில் ஒரு ரப்பர் பேண்ட் கொடுத்தார்கள். அழுத்தம் வரும் அசையில் இழுக்கணும், மற்றதில் விடணும். 'டி-ˈவெ-லப்'புக்கு நடுவில் ஒரு இழுப்பு. "ஏலே, எம்.ஏ. வரைக்கும் மில்டன் படிச்சிட்டு இங்க வந்து ரப்பர் பேண்ட் இழுக்கேன்" என்று போனில் சொல்லிச் சிரித்தான். வேலைக்கு ஒரு அமெரிக்கப் பெயரும் கொடுத்தார்கள். சிரிப்பு ரெண்டாவது மாதம் நின்றுவிட்டது. வீட்டில் அம்மாவோடு பேசும்போது அவன் தமிழ்ச் சொற்களிலும் அந்த இழுப்பு வர ஆரம்பித்திருந்தது. எட்டு மாதத்தில் வேலையை விட்டான்.

அவன் மேல் எனக்குப் பரிவு உண்டு. ஆனாலும் ரப்பர் பேண்டைக் கேலி செய்துவிட்டுப் போக மனசு வரவில்லை. 1969-ல் ஆர். கே. பன்சால் இந்திய ஆங்கிலம் வெளிநாட்டாருக்கு எவ்வளவு புரிகிறது என்று முறையாக ஆராய்ந்து வெளியிட்டார். புரியாமல் போவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று, சொல்லில் அழுத்தம் இடம் மாறுவது. ஆங்கிலம் கேட்டு வளர்ந்த காது, தூக்கிப் பிடித்த அசையை வைத்துத்தான் சொல்லைத் தேடுகிறது. அது வேறு இடத்தில் இருந்தால் வேறு சொல்லைத் தேடப் போய்விடும். ஆக, அழுத்தம் வெறும் பந்தா இல்லை, அதில் தகவல் இருக்கிறது. எனக்கு உறுத்துவது, அந்தத் தகவலைக் கற்றுக்கொடுக்கிறவர் பெரும்பாலும் வாக்கரின் குரலில் கற்றுக்கொடுப்பதுதான். சொல்லைத் திருத்த ஆரம்பித்து ஆளைத் திருத்துவதில் போய் முடிக்கிறார்கள்.

தகவல் இருக்கிறது என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1570-ல் பீட்டர் லெவின்ஸ் என்பவர் ஒரு எதுகை அகராதி போட்டார், அழுத்தக் குறிகளோடு. அழுத்தம் முன்னால் விழுந்தால் பெயர்ச்சொல், பின்னால் விழுந்தால் வினைச்சொல் என்று இடம் மாறுகிற ஜோடிகள் அதில் மூன்றே மூன்று: அவுட்லா, ரெபல், ரெக்கார்ட். 'ˈரெக்-கார்ட்' என்றால் பதிவு, 'ரி-ˈகார்ட்' என்றால் பதிவுசெய். 1930-களுக்குள் இப்படிப்பட்ட ஜோடிகள் சுமார் 150 ஆகிவிட்டன. எந்த அகராதிக்காரரும் கட்டளை போடவில்லை. பேசுகிறவர்கள் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். 'ரிசர்ச்' என்ற பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடி போடுகிறவர்கள் நம் கண்ணெதிரிலேயே கூடிக்கொண்டு வருகிறார்கள்.

இந்த ஜோடிகள்தான் கடைசியில் கம்ப்யூட்டரையும் மடக்கின. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டானல்ட் நூத் 'டெக்' என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதியபோது, வரிக்கடைசியில் சொல்லை வெட்டும் வேலையை அவருடைய மாணவர் ஃப்ராங்க்ளின் லியாங் எடுத்துக்கொண்டார். 1983-ல் முடித்த ஆய்வேட்டின் தலைப்பே வெட்டுக்குறிகளோடு இருக்கும்: 'வர்ட் ஹை-ஃபென்-ஏ-ஷன் பை கம்-ப்யூட்-அர்'. அவர் எந்த இலக்கண விதியையும் எழுதவில்லை. ஒரு சின்ன வெப்ஸ்டர் அகராதியின் சொற்களை இயந்திரத்துக்குக் கொடுத்து, எழுத்து வரிசைகளிலிருந்து 4,447 சின்னச் சின்ன வடிவங்களைப் பிரித்தெடுத்தார். அகராதியில் இருந்த வெட்டுகளில் 89 சதவீதத்தை அவை கண்டுபிடித்தன. இன்று கணினியில் அச்சாகும் ஆங்கிலப் பக்கங்களில் கணிசமானவை இந்த முறையிலோ இதன் வழிவந்த முறையிலோதான் வெட்டப்படுகின்றன. நோவா வெப்ஸ்டர் செத்து 140 வருஷம் கழித்து அவர் காது இயந்திரத்துக்குள் போய் உட்கார்ந்தது.

வடிவங்களுக்கு அடங்காத 14 சொற்களைத் தனியே பட்டியல் போட வேண்டியிருந்தது. அதில் 'டேபிள்' இருக்கிறது. 'ப்ரெசன்ட்', 'ப்ராஜெக்ட்' இரண்டும், அவற்றின் பன்மையும் இருக்கின்றன. திட்டம் என்ற பெயர்ச்சொல்லாக இருந்தால் அமெரிக்க வழக்கப்படி 'ˈப்ராஜ்-எக்ட்'. அழுத்தமுள்ள குறில் பக்கத்து மெய்யைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும், கிளஸ்டர் விஷயத்தில் வெப்ஸ்டர் சொன்ன அதே நியாயம். வினைச்சொல்லாக இருந்தால் 'ப்ர-ˈஜெக்ட்'. எழுத்தில் இரண்டும் ஒன்றே. வேரைப் பார்த்து வெட்டுகிற இங்கிலாந்துப் பழக்கமாக இருந்தால் இரண்டையும் ஒரே இடத்தில் வெட்டிவிட்டுப் போயிருக்கலாம். காதைப் பார்த்து வெட்டுகிறவருக்கு அந்தச் சொல் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும். இயந்திரம் வாக்கியத்தைப் படிப்பதில்லை.

லியாங் அந்தச் சொற்களுக்குக் கோடே போடாமல் விட்டுவிட்டார். 'ப்ரெசன்ட்' வரிக்கடைசியில் வந்தால் டெக் அதைத் தொடாது. வரியில் இடைவெளிகள் அகன்று பல்லிளித்தாலும் சரி, முழுச்சொல்லாகவே அடுத்த வரிக்குத் தள்ளும். போன மாதம் ஒரு பொருளாதாரப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி வந்தது. வாக்கியத்தை முதலிலிருந்து படித்தேன். வினைச்சொல். வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்து, முதல் அசைக்குப் பின்னால் கோடு போட்டு அனுப்பினேன்.